ஹார்டு டிஸ்க் சர்வீசுக்குக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள், அதன் பழைய சர்க்யூட் போர்டை யாரிடமும் விட்டுவிடாதீர்கள்

நான் திருச்சியில் இருக்கிறேன். கடையின் பெயரை எழுதப் போவதில்லை, புகார் கொடுத்திருக்கிறேன், அது நடக்கட்டும். ஆனால் நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

என்னிடம் இருந்தது 4 டிபி வெளி ஹார்டு டிஸ்க், மேசையில் வைக்கிற பெரிய வகை, தனி அடாப்டரில் ஓடுவது. அதில் அக்கா கல்யாண வீடியோ, ஆபீஸ் ஃபைல்கள் எல்லாம் இருந்தன, அதைவிட முக்கியமாக எங்கள் அப்பாயி பாடிய நடவுப் பாட்டுகள் இருந்தன. லால்குடி பக்கம் வயலில் நட்டுக்கொண்டே பாடியவர், கடைசி சில வருடங்களில் திண்ணையில் உட்கார்ந்து நான் கேட்கக் கேட்கப் பாடினார், மொத்தம் 43 பதிவுகள். 2021இல் அப்பாயி போய்விட்டார். வேறு எங்கும் நகல் எடுத்து வைக்கவில்லை.

ஒருநாள் அவசரத்தில் டிஸ்க்கின் 12 வோல்ட் அடாப்டருக்குப் பதிலாக லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரைச் சொருகிவிட்டேன். முனை சரியாகப் பொருந்தியது. லேசாகக் கருகிய வாடை வந்தது, அவ்வளவுதான், அப்புறம் டிஸ்க்கில் உயிரே இல்லை. பெட்டியைக் கழற்றி, டிஸ்க்கின் அடிப்பக்கத்தை, அதாவது சர்க்யூட் போர்டு இருக்கிற பக்கத்தைப் போட்டோ எடுத்து மாமா பையனுக்கு வாட்ஸப்பில் அனுப்பி "என்னடா செய்யலாம்" என்று கேட்டேன். அந்தப் போட்டோதான் பின்னால் என்னைக் காப்பாற்றியது.

கடையில் பார்த்த உடனே "போர்டு போயிருச்சு சார், அதே மாடல் போர்டு வாங்கிப் போட்டா டேட்டா அப்படியே வந்துரும், 3,500 ஆகும்" என்றார்கள். பணத்தை முழுசாக முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். ரசீது என்று கொடுத்த துண்டுச்சீட்டில் டிஸ்க்கின் சீரியல் எண்கூட இல்லை, "எச்டிடி 1" என்று மட்டும் எழுதியிருந்தது. மூன்று நாள் கழித்து போன், "போர்டு மாத்தியாச்சு சார், ஆனா உள்ள ஹெட்டும் போயிருக்கு, டக் டக்னு சத்தம் வருது, 18,000 ஆகும், அதுக்கும் கேரண்டி கிடையாது". ஹெட் என்பது உள்ளே சுற்றும் தட்டுகளிலிருந்து டேட்டாவைப் படிக்கிற முனை. நேரில் போனேன். எனக்கு முன்னாலேயே கரண்ட் கொடுத்துக் காட்டினார்கள், உண்மையிலேயே டக் டக் என்று அடித்தது. இரண்டு நாளாக இப்படித்தான் போட்டுப் பார்க்கிறோம் என்றார்கள். அந்த இரண்டு நாள் என்ன செய்திருக்கிறது என்பது எனக்கு அப்போது தெரியாது.

இங்கேதான் எல்லோரும் கவனிக்க வேண்டும். இப்போதைய டிஸ்க்குகளில் போர்டை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் வேலைக்கு ஆகாது. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் அதன் ஹெட்டுக்கும் தட்டுக்கும் ஏற்ற அளவீடுகளைத் தொழிற்சாலையிலேயே எழுதி வைக்கிறார்கள், அதில் ஒரு பகுதி போர்டில் ரோம் என்கிற எட்டுக்கால் நினைவகச் சிப்பில் இருக்கும், சில மாடல்களில் பெரிய கன்ட்ரோலர் சிப்புக்குள்ளேயே இருக்கும். ஒரே மாடல், ஒரே எண் உள்ள போர்டாக இருந்தாலும் அந்த அளவீடு வேறு. பழைய போர்டின் ரோமைப் புது போர்டுக்கு மாற்றாமல் ஓட்டினால் ஹெட் தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் தேடித் தேடி அடிக்கும். நல்ல ஹெட்டே அப்படி அடிக்கும்! அதைத்தான் எனக்கு "ஹெட் போயிருச்சு" என்று காட்டினார்கள்.

எனக்கு ஏதோ சரியில்லை என்று தோன்றியது, வேண்டாம், கொடுங்கள் என்று டிஸ்க்கை வாங்கி வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பழைய போட்டோவோடு வைத்துப் பார்த்தால் போர்டில் அச்சிட்டிருக்கும் எண்ணின் கடைசி இலக்கங்கள் வேறு. என் போர்டு என்னிடம் இல்லை. மாமா பையன்தான் போனில் கத்தினான், "டேய், பழைய போர்டு இல்லாம டேட்டா வராதுடா, இப்பவே போய் வாங்கு" என்று. கடைக்கு ஓடினேன். "அது ஸ்க்ராப்புக்குப் போயிருச்சு சார்" என்றார்கள். நான் நகரவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன், அங்கே 5 லட்சம் வரைக்கும் கட்டணமே கிடையாது என்று சொன்ன பிறகு ஒரு பையன் மேசைக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை இழுத்தான். அதில் முப்பது நாற்பது போர்டுகள். அத்தனையும் யாரோ ஒருவருடைய டிஸ்க்கிலிருந்து கழற்றியவை. போட்டோவை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்து என்னுடையதை எடுத்தேன். எனக்குக் கை நடுங்கியது. பணத்தில் 2,000 திருப்பிக் கொடுத்தார்கள், மீதி வரவில்லை.

அப்புறம் சென்னையில் இதையே தொழிலாகச் செய்யும் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் போர்டின் உள்பக்கத்தைத் திருப்பி, பவர் வருகிற இடத்தில் இருக்கும் ஒரு சின்ன டையோடை மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தார், ஷார்ட். அதிக வோல்டேஜ் வந்தால் தான் ஷார்ட்டாகி மற்ற சிப்புகளைக் காப்பாற்றுவதற்கென்றே வைத்த டிவிஎஸ் டையோடு அது, அதன் வேலையை அது சரியாகச் செய்திருக்கிறது. அதை எடுத்துவிட்டு என் பழைய போர்டையே மாட்டினார், டிஸ்க் சுற்றியது. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. (டையோடு இல்லாமல் டிஸ்க்குக்குப் பாதுகாப்பு கிடையாது, டேட்டாவை நகல் எடுக்க மட்டும்தான் இப்படி ஓட்டலாம், அதுவும் சரியான அடாப்டரில். எல்லா டிஸ்க்கிலும் டையோடோடு நிற்காது, மோட்டாரை ஓட்டும் சிப்பும் எரிந்திருந்தால் ரோமை மாற்றி வேறு போர்டுதான்.)

ஆனால் ஒரு ஹெட் தடுமாறியது. முதலிலேயே பலவீனமாக இருந்ததா, இரண்டு நாள் அடித்ததால் ஆனதா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். படிக்க முடிகிற பகுதிகளை முதலில் இன்னொரு டிஸ்க்குக்கு எடுத்து, அந்த ஹெட்டின் பகுதியைக் கடைசியில் முயன்றார். அப்பாயியின் 43 பதிவுகளில் 37 வந்தன. ஆறு வரவில்லை.

டிஸ்க்கைக் கழற்றின பெட்டியையும் அதிலிருக்கும் சின்ன யுஎஸ்பி போர்டையும் தூக்கி எறியாதீர்கள். வெஸ்டர்ன் டிஜிட்டல் கம்பெனியின் மை புக் மாதிரியான வகைகளில் பல மாடல்கள், நீங்கள் பாஸ்வேர்டு வைக்காவிட்டாலும் அந்த யுஎஸ்பி சிப் வழியாகத்தான் டேட்டாவைப் பூட்டி எழுதுகின்றன. டிஸ்க்கை நேராகக் கம்ப்யூட்டரில் சொருகினால் வெறும் குப்பையாகத் தெரியும். அதைப் பார்த்துவிட்டு "கரப்ட் ஆயிருச்சு, ஃபார்மேட் பண்ணிரலாம்" என்று சொல்லும் கடைகளும் இருக்கின்றன.

எங்கே கொடுத்தாலும் முதலில் லேபிளையும் போர்டு எண்ணையும் போட்டோ எடுங்கள், சீரியல் எண்ணை ரசீதில் எழுதச் சொல்லுங்கள், "பழைய போர்டு ரோமைப் புது போர்டுக்கு மாத்துவீங்களா" என்று கேளுங்கள். ரோமா, அது எதுக்கு என்று கேட்டால் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். ஏமாந்திருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் செய்தே புகாரைத் தொடங்கலாம், நான் அப்படித்தான் தொடங்கினேன்.

யாராவது அண்மையில் போர்டு மாற்றக் கொடுத்து, "ஹெட் போயிருச்சு" என்ற பதிலோடு டிஸ்க்கைத் திரும்ப வாங்கி அலமாரியில் வைத்திருந்தால், இன்றைக்கே அந்தக் கடைக்குப் போய் உங்கள் பழைய போர்டைக் கேளுங்கள். அந்த டப்பாவை அவர்கள் எப்போது காலி செய்வார்கள் என்று தெரியாது.