மாலையா, கம்மா, மாத்திரையா: சிகரெட்டை நிறுத்த எது கைகொடுக்கும்?

காரைக்குடியில் மெடிக்கல் கடையில் நிற்பவன் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வரும். சிகரெட்டை விடணும், நிகோடின் கம் நல்லதா மாத்திரை நல்லதா, இல்லை மன உறுதியே போதுமா என்று கேட்பார்கள். பதில் சொல்வதற்கு முன்னால் நான் ஒன்று கேட்பேன்: காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட்டைப் பற்றவைக்கிறீர்கள்? அரை மணி நேரத்துக்குள் என்றால் உடம்பு நிகோடினுக்கு நன்றாகவே அடிமைப்பட்டுவிட்டது. ரத்தத்தில் இருக்கும் நிகோடின் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும், ராத்திரி தூங்கி எழும்போது ரொம்பக் கொஞ்சம்தான் மிச்சமிருக்கும், அதனால்தான் பல் விளக்கும் முன்பே கை பாக்கெட்டைத் தேடுகிறது. அப்படிப்பட்டவரிடம் "மனசு வைங்கண்ணே, விட்டுடலாம்" என்று மட்டும் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வராது.

நம்ம பக்கத்தில் அதிகம் பேர் எடுக்கும் வழி சாமிக்கு மாலை போடுவதுதான். கார்த்திகை பிறந்ததும் ஐயப்பனுக்கு மாலை, தை மாதம் பழனிக்குப் பாதயாத்திரை, இரண்டும் இல்லையென்றால் குன்றக்குடி முருகன் முன்னாலோ பிள்ளையார்பட்டியிலோ நின்று இனிமேல் தொடமாட்டேன் என்று ஒரு சத்தியம். இதை நான் ஒருநாளும் லேசாகப் பேசமாட்டேன். மாலை போட்டவருக்கு விடியற்காலையில் பச்சைத்தண்ணிக் குளியல், சாப்பாடு வேறு, கூடப் பழகும் ஆட்கள் வேறு, எல்லாரும் "சாமி" என்றுதான் கூப்பிடுவார்கள், வழக்கமாகத் தம் போடும் டீக்கடையில் கடைக்காரரே சிகரெட் டப்பாவை எடுத்து நீட்டமாட்டார். எந்த ஆஸ்பத்திரியாலும் இப்படி ஊரையே ஒருவருக்குக் காவலாக நிறுத்த முடியாது. உடம்புக் கணக்கிலும் இது நல்ல கால அளவு. சிகரெட்டை நிறுத்தியதும் வரும் எரிச்சல், தூக்கமின்மை, கவனம் நிற்காமை எல்லாம் முதல் இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் இரண்டிலிருந்து நாலு வாரத்தில் அடங்கிவிடும். ஆக, 41 நாள் விரதம் இருந்தவர் கஷ்டமான பகுதியைத் தாண்டியே விட்டார்.

அப்புறம் ஏன் மாலையைக் கழற்றிய வாரமே பழையபடி ஆகிறது? மன உறுதி இல்லை என்று யாரும் சொல்லக் கூடாது, 41 நாள் இருந்து காட்டியவர் அவர். எடுத்த சத்தியத்துக்கே ஒரு கடைசித் தேதி இருந்தது, அவ்வளவுதான். மலையிலிருந்து திரும்பும் வேன் ஏதோ ஒரு டீக்கடையில் நிற்கும், கடை வாசலில் முனையில் கங்கோடு தேங்காய் நார்க்கயிறு தொங்கும், பக்கத்தில் இருக்கும் மச்சான் "அதான் முடிஞ்சுதே" என்று ஒன்றை நீட்டுவார், அந்த ஒன்றில் மூளை பழைய கணக்கைத் திறந்துவிடும். அதனால் மாலை போடுகிறவர்களிடம் நான் சொல்வது, போடும் நாளை யோசித்ததைப் போல இரண்டு மடங்கு கழற்றும் நாளை யோசியுங்கள். கூட வருகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், சிகரெட் விஷயத்துக்கு மட்டும் கெடு இல்லாத தனிச் சத்தியம் எடுங்கள், அடுத்த சில வாரத்துக்கு டீயை வீட்டிலேயே குடியுங்கள்.

சாமி, மாலை எதுவும் இல்லாமல், மருந்தும் இல்லாமல், திடீரென்று ஒருநாள் நிறுத்துகிறவர்களும் உண்டு. அப்படி விட்டு ஆறு மாதம் தாண்டுகிறவர்கள் நூற்றுக்கு மூன்றிலிருந்து ஐந்து பேர்தான் என்று ஆய்வுகள் சொல்கின்றன. நாளைக்கு இரண்டு மூன்று, அதுவும் சாயங்காலம் நண்பர்களோடு மட்டும் என்கிறவர்களுக்கு இது போதுமாக இருக்கலாம்.

கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறேன் என்பதுதான் எனக்கு நம்பிக்கை குறைவான வழி. பிரிட்டனில் 697 பேரை வைத்து நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வில், தேதி குறித்து ஒரேயடியாக நிறுத்தியவர்களில் 22 சதவீதம் பேர் ஆறு மாதம் கழித்தும் தொடாமல் இருந்தார்கள், படிப்படியாகக் குறைத்து நிறுத்தியவர்களில் 15.5 சதவீதம். இரண்டு தரப்புக்குமே நிகோடின் மருந்தும் ஆலோசனையும் கொடுத்துத்தான் இந்தக் கணக்கு. இருபதைப் பத்தாக்கினால் அந்தப் பத்தையும் முன்பைவிட ஆழமாக இழுக்கிறோம். நம்ம ஊரில் கடையில் ஒற்றைச் சிகரெட் சில்லறையாகவே கிடைப்பதால், பாக்கெட் வாங்குவதில்லை என்பதே குறைத்துவிட்ட மாதிரி ஒரு நினைப்பைத் தந்துவிடுகிறது.

சரி, கம்முக்கு வருவோம், ஏனென்றால் அதிகம் பேர் வாங்கி அதிகம் பேர் தப்பாகப் பயன்படுத்தும் சாமான் இதுதான். ஒரு அட்டை வாங்கிப் போவார்கள், மறுநாளே "தம்பி, ஒரே காரம், விக்கல் வருது, நெஞ்சு எரியுது, இது வேலைக்காகாது" என்று திரும்பி வருவார்கள். பபிள் கம் மாதிரி விடாமல் மென்றிருப்பார்கள். நிகோடின் வாயின் உள்தோல் வழியாக இறங்கினால்தான் பலன், எச்சிலோடு வயிற்றுக்குப் போனால் விக்கலும் எரிச்சலும்தான் மிச்சம். மெதுவாக நாலைந்து தடவை மெல்லுங்கள், காரமோ லேசான சுருக்கோ தெரிந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிவையுங்கள், வெற்றிலை போட்டு ஒதுக்கிவைக்கிற மாதிரி. காரம் அடங்கியதும் மறுபடி மெல்லுங்கள், இப்படி அரை மணி நேரம் ஓடும். இன்னொன்று, கம் போடுவதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே காபி, ஜூஸ், புளிப்பு எதுவும் வாயில் படக் கூடாது, வாய் புளித்திருந்தால் நிகோடின் இறங்காது. வத்தக்குழம்புச் சாப்பாடு முடிந்த கையோடு கம் போட்டுவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்பவர்கள் வாயை நன்றாகக் கொப்பளித்துக் கொஞ்ச நேரம் கழித்துப் போட்டுப் பாருங்கள். 2 மில்லிகிராம் கம் சீட்டு இல்லாமலே கிடைக்கும். காலையில் அரை மணிக்குள் பற்றவைக்கிற ஆளுக்கு 4 மில்லிகிராம் தேவைப்படும், அதற்கு டாக்டர் சீட்டு வேண்டும்.

ஒட்டும் பட்டை வேறு மாதிரி. காலையில் ஒட்டினால் நாள் முழுக்க மெதுவாக நிகோடின் இறங்கிக்கொண்டே இருக்கும், மெல்லுகிற வேலை இல்லை, பல்செட் வைத்திருக்கிற ஐயாமார்களுக்கு இதுதான் தோது. ஆனால் திடீரென்று வரும் ஆசைக்கு இதனால் உடனே ஈடுகொடுக்க முடியாது. நம்ம ஊர் சித்திரை வெயிலில் வேர்வைக்கு உரிந்தும் போகும், முடியில்லாத உலர்ந்த மேற்கையில் இடம் மாற்றி மாற்றி ஒட்ட வேண்டும். சின்னக் கடைகளில் இருப்பு இருக்காது, சொல்லிவைத்தால் வாங்கித் தருவோம். கம்மோ பட்டையோ, சரியாகப் பயன்படுத்தினால் விடும் வாய்ப்பைச் சுமார் ஐம்பது அறுபது சதவீதம் கூட்டுகிறது, இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவது தனித்தனியாக ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிட நல்லது. நிகோடின்தானே, இதுவும் கெடுதல்தானே என்று பலர் தயங்குகிறார்கள். புற்றுநோயையும் நுரையீரல் நோயையும் கொண்டுவருவது முக்கியமாகப் புகையில் இருக்கும் தாரும் மற்ற நச்சுகளும்தான், கம்மில் அவை கிடையாது. கர்ப்பிணிகளும் இதய நோய்க்காரர்களும் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

மாத்திரைகளில் வரெனிக்லின், புப்ரோபியான் இரண்டும் டாக்டர் சீட்டில்தான். வரெனிக்லின் மூளையில் நிகோடின் உட்காரும் இடத்தில் தானே பாதியாக உட்கார்ந்துகொள்ளும், அதனால் ஆசையும் குறையும், தவறிப்போய் ஒன்றை இழுத்தாலும் பழைய சுகம் வராது. 2016-இல் வந்த பெரிய பன்னாட்டு ஆய்வில் பட்டையையும் புப்ரோபியானையும் விட இதற்குத்தான் பலன் அதிகம். குமட்டலும் விசித்திரக் கனவுகளும் வரலாம், சாப்பிட்டபின் ஒரு டம்ளர் தண்ணீரோடு எடுத்தால் குமட்டல் குறையும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவை மாற்ற வேண்டும். புப்ரோபியான் வலிப்பு வந்தவர்களுக்கு ஆகாது. சிகரெட்டை நிறுத்தும் தேதிக்கு ஒரு வாரம் முன்பே வரெனிக்லினைத் தொடங்கி 12 வாரம் எடுப்பது வழக்கம். 12 வாரம் என்றால் 84 நாள், விரதம் 41 நாள். மாலையோடு சேர்த்து மாத்திரையையும் தொடங்கினால், மாலை கழற்றி ஒரு மாதம் தாண்டியும் மருந்து கூடவே நிற்கிறது, அந்த வேன் நிற்கும் டீக்கடையிலும்தான். என் பார்வையில் சத்தியமும் மருந்தும் ஒன்றுக்கொன்று போட்டியே இல்லை, முப்பது வருஷப் பழக்கம் உள்ளவர்கள் இரண்டையும் சேர்த்தே எடுக்க வேண்டும்.

இன்னொரு வழியைப் பற்றிச் சொல்லும்போது மனசு கனக்கும். "தம்பி, அவுகளுக்குத் தெரியாம காப்பியில கலந்து குடுக்குற பொடி இருக்காமே, இருந்தா ஒண்ணு குடுங்க" என்று ஆச்சிமார்கள் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். இருமல் தாங்காமல் ராத்திரியெல்லாம் உட்கார்ந்தே இருக்கும் மனிதரைப் பார்த்துப் பார்த்து வந்த கேள்வி அது. அப்படி ஒரு பொடியால் சிகரெட் பழக்கம் போகும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை, உள்ளே என்ன இருக்கிறது என்பதும் தெரியாது, சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் காபியில் அதைக் கலப்பது ஆபத்து. ஆச்சி, அந்தக் காசுக்கு அவரை டாக்டரிடம் கூட்டிப்போங்கள். இந்த வயசுக்கு மேல் விட்டு என்ன ஆகப்போகிறது என்று அவர் கேட்டால், பிரிட்டனில் டாக்டர்களையே 50 வருஷம் தொடர்ந்து கவனித்து 2004-இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்லுங்கள்: ஐம்பது வயதில் விட்டவர்களுக்கு ஆறு வருஷ ஆயுளும், அறுபதில் விட்டவர்களுக்குக்கூட மூன்று வருஷமும் மிச்சமானது.

சிகரெட்டை விட்டுப் பீடிக்கு மாறுவது வழியே அல்ல, பீடி அணைந்து அணைந்து போவதால் இன்னும் அதிகமாக இழுக்க வேண்டியிருக்கும், தாரும் கார்பன் மோனாக்சைடும் குறையாது. வெற்றிலையில் புகையிலை சேர்ப்பது நுரையீரலை விட்டு வாய்க்கு நோயை மாற்றுவது. சிகரெட்டை நிறுத்த மின்சிகரெட் உதவுகிறது என்று வெளிநாட்டு ஆய்வுகள் சொல்வது உண்மைதான், ஆனால் இந்தியாவில் 2019 முதல் அதைத் தயாரிப்பதும் விற்பதும் இறக்குமதி செய்வதும் தடை, இங்கே திருட்டுத்தனமாக வருவதில் என்ன அடைத்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சிங்கப்பூரிலிருந்து வரும் பிள்ளைகளிடம் சொல்லி வாங்கிவரலாம் என்று நினைக்காதீர்கள், அங்கேயும் கையில் வைத்திருப்பதே குற்றம்.

காசே செலவில்லாத ஒன்று சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கிறது: 1800-11-2356. இலவச எண், தமிழிலும் பேசலாம், தேதி குறிக்க உதவுவார்கள், பிறகு அவர்களே திரும்பக் கூப்பிட்டு எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். தனியாக இது போதாது, ஆனால் கம்மோடும் மாத்திரையோடும் சேர்த்தால் பலன் கூடுகிறது. நேரில் பேச வேண்டுமானால் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேளுங்கள். மனநலம் என்றதும் கூச்சம் வேண்டாம், அடிமைப் பழக்கத்துக்கு வைத்தியம் பார்ப்பது அவர்கள் துறைதான்.

எந்த வழியை எடுத்தாலும் இதை மட்டும் மறக்காதீர்கள். ஆஸ்துமா, மூச்சிரைப்புக்குத் தியோபிலின் கலந்த மாத்திரை எடுக்கிறவர்கள் சிகரெட்டை நிறுத்துவதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். புகை, கல்லீரல் அந்த மருந்தைச் சீக்கிரம் சிதைக்கும்படி செய்துகொண்டிருக்கும், புகை நின்றதும் அதே மாத்திரை உடம்பில் கூடுதலாகத் தங்கும், படபடப்பும் வாந்தியும் வரலாம், அளவைக் குறைக்க வேண்டிவரும். இன்சுலின் போடுகிறவர்களுக்கும் அளவை ஒருமுறை பார்க்க வேண்டும். காபியும் அப்படித்தான்: நிறுத்திய சில நாளிலேயே அதே இரண்டு டம்ளர் காபி கூடுதலாக வேலை செய்யும், கை நடுங்கும், தூக்கம் போகும், அதைச் சிகரெட் இல்லாததால் வந்த தவிப்பு என்று நினைத்து மறுபடி பற்றவைத்தவர்கள் உண்டு. அதனால் நிறுத்தும் நாளிலிருந்தே காபியைப் பாதியாக்குங்கள், சாயங்காலத்துக்குப் பிறகு வேண்டவே வேண்டாம்.