மாற்றாத ஆக்சிஜன் சென்சாருக்கு 7,340 ரூபாய் பில்: புது பிக்கப் வைத்திருப்பவர்கள் கவனம்

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் இருந்து பொள்ளாச்சி, பாலக்காடு வரை காய்கறி லோடு அடிக்கிறேன். வண்டி சொந்தம், டிரைவரும் நான்தான். கடன் போட்டு எடுத்த புது பெட்ரோல் பிக்கப், பிஎஸ் 6. ஐந்தாவது மாதம், 14,000 கிலோமீட்டர் தாண்டிய சமயத்தில், டேஷ்போர்டில் மஞ்சள் இன்ஜின் விளக்கு எரிய ஆரம்பித்தது. லிட்டருக்கு 16 கொடுத்த வண்டி 13-க்கு இறங்கிவிட்டது.

டீலரிடம் விட்டேன். பெட்ரோலில் கலப்படம், டேங்க் கிளீன் பண்ணணும் என்று சொல்லி 2,200 ரூபாய் வாங்கினார்கள். விளக்கு அணைந்திருந்தது. நாலாம் நாள் உடுமலை தாண்டும்போது மறுபடி எரிந்தது. அவர்கள் செய்தது, வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்திருந்த பழுது எண்ணை (எரர் கோடு) அழித்தது மட்டும்தான் என்று அப்புறம்தான் புரிந்தது. பழுதைச் சரி செய்யாமலே ஸ்கேனரில் ஒரு பட்டனைத் தட்டி விளக்கை அணைத்துவிடலாம், பழுது இருந்தால் சில நாளில் திரும்ப வரும்.

எங்கள் ஊரில் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவர் ஸ்கேனர் மாட்டிப் பார்த்தார். பி0135 என்று வந்தது. முன்பக்க ஆக்சிஜன் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட் பழுது என்று அதற்கு அர்த்தம். புகையில் மிச்சம் இருக்கும் ஆக்சிஜனைப் பார்த்து, ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற கணக்கில் இன்ஜின் ஓட வழி செய்வது இந்தச் சென்சார்தான். 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் இது வேலை செய்யும், அதற்காகவே உள்ளே ஒரு ஹீட்டர் இருக்கிறது. ஹீட்டர் வேலை செய்யாவிட்டால் சென்சார் சூடாகும் வரை கம்ப்யூட்டர் ஒரு குத்துமதிப்பில் பெட்ரோலை விட்டுக்கொண்டே இருக்கும். பத்து இடத்தில் நிறுத்தி லோடு இறக்கும் என்னைப் போன்ற ஆளுக்கு அது முழு நஷ்டம்.

"தம்பி, வாரண்டி இருக்கு, நான் ஸ்பேனர் வச்சா அதையே சாக்கா சொல்லுவாங்க, அங்கேயே போங்க" என்றார் அண்ணன். அனுப்பும் முன் அந்த எரர் கோடையும், சென்சார் உடம்பில் பொறித்திருந்த நம்பரையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினார். அந்த போட்டோ மட்டும் இல்லையென்றால் இன்றைக்கு என் கையில் ஒன்றுமே இருந்திருக்காது.

திரும்ப டீலரிடம் போனேன். சென்சார் போயிருச்சு, கலப்பட பெட்ரோல் போட்டதால் வாரண்டி வராது, 7,340 ரூபாய் ஆகும் என்றார்கள். தக்காளி லோடு காத்துக் கிடந்தது, கட்டிவிட்டேன். கழற்றிய பழைய சென்சாரைக் கொடுங்கள் என்றதற்கு, ஸ்கிராப்புக்குப் போயிருச்சு சார் என்று பதில். நானும் விட்டுவிட்டேன்.

19 நாள் கழித்து அதே விளக்கு, அதே எரர் கோடு. அண்ணன் வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் பழைய போட்டோவைக் கேட்டார். நம்பர் ஒன்றேதான், கடைசி எழுத்து வரைக்கும். சென்சாரை மாற்றவே இல்லை! அப்புறம் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனார். ஒயரைத் தூக்கிப் பிடிக்கும் கிளிப் ஒன்று இல்லை. ஒயர் தொங்கி எக்ஸாஸ்ட் பைப்பின் தகட்டில் சாய்ந்து, மேல் உறை உருகி ஒட்டியிருந்தது. ஹீட்டருக்குப் போகும் இரண்டு வெள்ளை ஒயரில் ஒன்று கருகி, உள்ளே செம்பு தெரிந்தது. குழியில் வண்டி குதிக்கும்போதெல்லாம் அது தகட்டில் பட்டுப் பட்டு விலகியிருக்கிறது. சென்சார் மேல் ஒரு தப்பும் இல்லை.

வீடியோ எடுத்துக்கொண்டு போய் மேனேஜர் முன்னால் வைத்தேன், பேச்சு சரியில்லாததால் 1915-க்கும் அடித்துப் புகார் பதிந்தேன் (தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம்). ஒன்பது நாளில் 7,340 திரும்ப வந்தது, ஒயரையும் வாரண்டியில் மாற்றினார்கள். டேங்க் கிளீன் பணம் வரவில்லை. முழுத் திருப்தி என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டார்கள், போடவில்லை.

தயவு செய்து ஜாப் கார்டில் (வண்டியை விடும்போது டீலர் எழுதும் வேலைச் சீட்டு) "ஜெனரல் செக்கப்" என்று எழுத விடாதீர்கள். எந்த விளக்கு, எந்தத் தேதி, எத்தனை கிலோமீட்டர் என்று எழுதச் சொல்லி ஒரு நகல் வாங்குங்கள். என் முதல் ஜாப் கார்டில் விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எரர் கோடை அழிக்கும் முன் போட்டோ எடுங்கள், காசு கட்டி மாற்றும் எந்தப் பாகமானாலும் பழையதைக் கையில் வாங்குங்கள். விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்ச் சேரலாம். விட்டு விட்டு மின்னினால் இன்ஜினில் மிஸ்ஃபயர் (பெட்ரோல் சரியாக எரியவில்லை), உடனே ஓரம் கட்டுங்கள், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போய்விடும், அது பெரிய செலவு.

இன்னொன்று. வணிக வண்டிக்கு நுகர்வோர் கோர்ட் கிடையாது என்று என்னை மிரட்டிப் பார்த்தார்கள். அது தப்பு. சொந்தமாக உழைத்துப் பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிய வண்டி என்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாமும் நுகர்வோர்தான். பிரச்சினை வந்ததில் இருந்து 2 வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை, அதற்கு மேல் 10 லட்சம் வரை 200 ரூபாய்தான்.

ஒயர் மாற்றி ஒரு மாதம் ஆகிறது, விளக்கு எரியவில்லை, மைலேஜும் 16-க்குத் திரும்பிவிட்டது. டேங்க் கிளீனுக்கு வாங்கிய அந்த 2,200 ரூபாய்க்கான மனுவை அடுத்த வாரம் திண்டுக்கல் நுகர்வோர் கோர்ட்டில் கொடுக்கிறேன்.