நாலு வருடம் பேக்கேமன் ஆடியதில் மச்சானுக்குப் போன கருவாடு

பாம்பனில் படகு எஞ்சின் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். மீன்பிடித் தடைக்காலத்தில் பொழுது போகாமல் ஆட ஆரம்பித்தேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். ஆனால் உண்மை அதுவல்ல. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாளும் விசைப்படகுகள் கரையில்தான். பழுது பார்ப்பதெல்லாம் அப்போதுதான் நடக்கும். எனக்குச் சாப்பிடக்கூட நேரம் இருக்காது. பொழுது போகாதது காற்றுக் காலத்தில்தான். கடலில் காற்று பலமாக இருந்தால் மீன்துறை டோக்கன் கொடுக்காது, படகு போகாது, படகு போகாவிட்டால் இம்பெல்லரும் டீசல் ஃபில்டரும் கேட்டு யார் வரப்போகிறார்கள்? கல்லாவில் உட்கார்ந்து ஈ ஓட்ட வேண்டியதுதான்.

அப்படி ஒரு நாளில்தான், 2021 டிசம்பரில், மஸ்கட்டில் இருக்கும் மச்சான் (வீட்டுக்காரியின் அண்ணன்) பேக்கேமன் என்ற பகடை ஆட்டத்துக்கான இந்த ஆப்பை என் போனில் ஏற்றச் சொன்னார். அங்கே கூட வேலை பார்க்கும் அரபுக்காரர்கள் இந்த ஆட்டத்தைத் தாவ்லா என்பார்களாம். டீக்கடையில் பலகையை விரித்துச் சத்தமாகக் காய் தட்டி ஆடுவார்களாம். நமக்குப் பேக்கேமன் என்று சொன்னால்தான் தேடலில் கிடைக்கும். மஸ்கட் கடிகாரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். அவருக்கு எட்டு மணிக்கு டூட்டி முடிந்தால் எனக்கு ஒன்பதரை. அன்று முதல் பெரும்பாலான இரவுகளில் மூன்று ஆட்டமாவது ஓடும்.

ஆப் பெயரைச் சொல்லப் போவதில்லை. சில இடங்களில் திட்டப் போகிறேன், அதனால்.

பந்தயம் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அதைத்தான் கேட்பீர்கள். காசு கிடையாது. ஆப்புக்குள் இருப்பது வெறும் நாணயம், அதை வெளியே எடுக்க முடியாது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டம் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிவிட்டது. அதற்கு முன்னால் ஆட்டத்துக்கு நடுவே ரம்மி விளம்பரமாக வந்து உயிரை எடுக்கும். அப்புறம் அவை என் கண்ணில் படவில்லை. எனக்கும் மச்சானுக்கும் தனிக் கணக்கு. ஒரு கோடு போட்ட நோட்டு. பத்துப் புள்ளி நான் தோற்றால் கால் கிலோ நெத்திலிக் கருவாடு, அவர் தோற்றால் ஒரு கோடாலித் தைலம். ஊருக்கு யாராவது வரும்போது, போகும்போது பைசல் செய்துகொள்வோம்.

தாயம் ஆடிய கைக்கு இந்த ஆட்டம் அரை மணி நேரத்தில் பிடிபடும். இருபத்து நான்கு வீடு, ஆளுக்குப் பதினைந்து காய், இரண்டு பகடை. அவர் ஒரு பக்கமாகச் சுற்றுவார், நான் எதிர்ப்பக்கமாக. ஒற்றையாக நிற்கும் காயை வெட்டலாம். இரண்டு காய் சேர்ந்து நின்றால் அது மனை, எதிராளி அங்கே கால் வைக்க முடியாது. வெட்டுப்பட்ட காய் மறுபடி முதலில் இருந்து வர வேண்டும். எல்லாக் காயும் பழமானால் ஜெயம். எதிராளிக்கு ஒன்றுகூடப் பழுக்காமல் முடித்தால் இரண்டு மடங்கு, அதற்குக் கேமன் என்று பேர்.

அதனால்தான் முதல் ஆறு மாதம் இதை நான் தாயம் மாதிரியே ஆடித் தோற்றேன். பகடை சரியில்லை, பகடை சரியில்லை என்று புலம்புவேன். "பகடையைத் திட்டாதீங்க மாப்ள, கட்டையைப் பாருங்க" என்பார் மச்சான்.

அவர் சொன்ன கட்டை, பலகையின் ஓரத்தில் இருக்கும் இரட்டிப்புக் கட்டை. ஆறு முகத்தில் 2, 4, 8, 16, 32, 64 என்று எழுதியிருக்கும். பேக்கேமன் ரொம்பப் பழைய ஆட்டம், ஆனால் இந்தக் கட்டை 1920களில் நியூயார்க்கில் ஒட்டிக்கொண்டதுதான். ஆட்டம் எனக்குச் சாதகமாக இருக்கிறது என்று தோன்றினால், பகடை உருட்டுவதற்கு முன்னால் பந்தயத்தை இரண்டாக்கலாமா என்று கேட்கிறேன். எதிராளிக்கு இரண்டே வழி. வேண்டாம் என்றால் அப்போது இருக்கும் பந்தயத்தைக் கொடுத்துவிட்டு அந்த ஆட்டத்தை விட்டுவிட வேண்டும். சரி என்றால் கட்டை அவர் கைக்குப் போகும், அடுத்த முறை நாலாக்கும் உரிமை அவருக்கு மட்டும்.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஒரு புள்ளிதானே, விட்டுக்கொடுத்தால் என்ன என்று அறிவு சொல்லும். விரல் போய் 'ஏற்கிறேன்' பொத்தானை அழுத்தும். ஒரு ராத்திரி நன்றாக நினைவிருக்கிறது. வெட்டுக்குத்து எல்லாம் முடிந்து இருவரும் வீட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறோம். வெறும் ஓட்டம். கட்டை இரண்டில் அவர் கையில். எல்லாக் காயையும் பழமாக்க அவர் இன்னும் மொத்தம் 80 வீடு நகர வேண்டும் (இதுதான் மிச்ச நடை), நான் 92. நாலு என்றார். ஒரு இரட்டை ஆறு விழுந்தால் போதுமே என்று ஏற்றேன். விழுந்தது, அவருக்கு. நோட்டில் நாலு ஏறியது. விட்டிருந்தால் இரண்டோடு போயிருக்கும்.

எப்போது விடுவது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அது தெரிந்த அன்று எனக்கு அம்மா நினைவு வந்தது. அம்மா கரையில் ஏலத்தில் மீன் எடுத்து விற்றவர். ஒரு குவியலுக்கு விலை ஏறிக்கொண்டே போகும்போது சட்டென்று வாயை மூடிக்கொள்வார். பக்கத்தில் நிற்பவர்கள் சீண்டுவார்கள், அசைய மாட்டார். ஐஸும் வண்டிக்கூலியும் போக என்ன மிஞ்சும் என்பது அவருக்கு விரல் நுனியில் இருக்கும். வீம்புக்கு எடுத்தவர்கள் மத்தியானம் பாதி விலைக்குத் தள்ளிக்கொண்டு நிற்பதை நானே பார்த்திருக்கிறேன்.

கணக்கு இதுதான். ஒரே மாதிரி நிலை நாலு முறை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்தயம் ஒன்று, எதிராளி இரண்டாக்கக் கேட்கிறார். நாலு முறையும் விட்டுவிட்டால் எனக்கு நாலு புள்ளி நட்டம். நாலு முறையும் ஏற்று, மூன்றில் தோற்று ஒன்றில் ஜெயித்தால்? ஆறு போய் இரண்டு வருகிறது. அதே நாலு புள்ளி நட்டம். ஆக, நாலில் ஒரு பங்கு ஜெயிக்க வாய்ப்பு இருந்தால் ஏற்கலாம், அதற்குக் கீழே என்றால் விட வேண்டும். தோற்கிற ஆட்டம் என்று தெரிந்தே ஏற்பது சரியாக இருக்கும் என்பது முதலில் எனக்கு மண்டையில் ஏறவே இல்லை. கேமன் ஆபத்து இருந்தால் மட்டும் இன்னும் கொஞ்சம் கையை இறுக்க வேண்டும்.

வெறும் ஓட்டத்தில் இதைவிடச் சுலபம். முன்னால் இருப்பவரின் மிச்ச நடையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 8 சதவீதம் அவர் முன்னால் இருந்தால் முதல் முறை இரட்டிக்கலாம், 9 சதவீதம் என்றால் தன்னிடம் இருக்கும் கட்டையைத் திருப்பிப் போடலாம், பின்னால் இருப்பவர் 12 சதவீதம் வரை ஏற்கலாம். அந்த ராத்திரி 80க்கு 12 சதவீதம் என்றால் ஒன்பதரை. நான் பின்னால் இருந்ததோ 12 வீடு. பதினைந்து சதவீதம். கருவாடு போனதில் ஆச்சரியமே இல்லை.

மிச்ச நடையை ஆப்பே பலகை ஓரத்தில் காட்டுகிறது, ஆரம்பத்தில் இருவருக்கும் 167. இது ஒரு நல்ல வசதி. ஆனால் அந்த எண்ணை வைத்து என்ன செய்வது என்று ஆப்பில் ஒரு வரி கிடையாது. காய் எப்படி நகரும் என்று படம் போட்டுப் பாடம் நடத்துகிறவர்கள், தோல்வியில் பெரும்பங்கு எங்கே இருக்கிறதோ அந்தக் கட்டையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டுவிட்டார்கள். பொத்தான்களின் இடமும் மோசம். 'ஏற்கிறேன்' பச்சையில் பெரிதாக, கட்டைவிரலுக்கு வாகாக. 'விடுகிறேன்' மூலையில் சாம்பல் நிறத்தில். என் குணத்துக்கு அவர்களும் துணை.

காய் நகர்த்தலில் நான் மெதுவாகத்தான் தேறினேன். முதல் வீச்சில் 3-1 விழுந்தால் ஐந்தாம் வீட்டைக் கட்டுவது, 6-1 விழுந்தால் ஏழாம் வீட்டைக் கட்டுவது, இதெல்லாம் மனப்பாடம். 6-5க்கு மச்சான் "ஷேஷ் பேஷ்" என்று கத்துவார். ஷேஷ் பாரசீக ஆறாம், பேஷ் துருக்கி ஐந்தாம். மற்றபடி நான் கற்றது, ஆறு மனையை வரிசையாக அடைத்தால் எதிராளியின் காய் எந்தப் பகடைக்கும் தாண்ட முடியாது என்பதும், ஒற்றைக் காயை எங்கே விடலாம் என்பதும். பகடை விழ மொத்தம் 36 விதம். ஆறு வீடு தள்ளி நின்றால் வெட்டு விழ அதில் 17 வழி. ஏழு வீடு தள்ளி நின்றால் ஆறே வழி. ஒரு வீடு நகர்ந்து நின்றால் இவ்வளவு வித்தியாசமா என்று அன்று வாய் பிளந்தேன்.

மற்ற ஆட்டக்காரர்கள் இந்த ஆப்பைத் திட்டுவது ஒரே காரணத்துக்கு: பகடையில் மோசடி. நானும் அந்தக் கட்சியில் இருந்தவன்தான். ஒரு மாதம் கணக்குப் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் 600 வீச்சைக் குறித்தேன். இரட்டை விழ ஆறில் ஒரு பங்கு, அதாவது 100 வர வேண்டும். வந்தது 96. எனக்கும் மச்சானுக்கும் கிட்டத்தட்டச் சமமாகவே. அத்தோடு அந்தக் கட்சியை விட்டேன்.

இன்னொன்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2023இல் வேறு ஒருவரோடு ஆடி அழகான கேமன் எடுத்தேன். இரண்டு வர வேண்டிய இடத்தில் ஒரு புள்ளிதான் வந்தது. கோபத்தில் ஒற்றை நட்சத்திரம் கொடுத்து நீளமாகத் திட்டி எழுதினேன். அப்புறம்தான் தெரிந்தது, ஜேக்கோபி விதி என்று ஒன்று இருக்கிறது. கட்டையை யாரும் தொடாத ஆட்டத்தில் கேமனுக்கு ஒரு புள்ளிதான். நியாயமான விதியும்கூட, இல்லாவிட்டால் கட்டையைத் தொடாமலே ஆட்டத்தை இழுப்பார்கள். நட்சத்திரத்தை நாலாக மாற்றினேன். ஆனாலும் அந்த விதி போட்டிருக்கிறது என்பதை ஆட்டம் தொடங்கும் முன் காட்டினால் என்ன குறைந்துவிடும்?

இப்போது நிஜக் குறைக்கு வருகிறேன். நெட் போனால் முப்பது விநாடிதான் அவகாசம். இது யாரோ பெரிய நகரத்தில் உட்கார்ந்து போட்ட விதி. எங்கள் பக்கம் காற்று கொஞ்சம் வேகமாக அடித்தாலே கரண்ட் போகும், பின்னாலேயே சிக்னல் போகும். தனுஷ்கோடிப் பக்கம் போனால் போன் இலங்கை டவரைப் பிடித்துக்கொண்டு திருதிருவென்று முழிக்கும். போன ஐப்பசி மழையில் கட்டை நாலில் இருந்தது, நான் முன்னால், மச்சானுக்கு ஒரு காய் வெட்டுப்பட்டு வெளியே. நெட் போனது. திரும்பி வந்து பார்த்தால் ஆட்டம் எனக்குத் தோல்வி, அதையும் கேமன் என்று கணக்குப் போட்டு எட்டுப் புள்ளி. மச்சான் நோட்டில் அதை ஏற்றவில்லை, நல்ல மனுஷன். ஆனால் ஆப்பில் என் தரவரிசை சரிந்தது சரிந்ததுதான். புகார் எழுதினேன். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று ஒரு பதில் வந்தது. இரண்டாவது முறை எழுதியதற்கும் எழுத்துப் பிசகாமல் அதே பதில். தெரிந்தவர்களுக்குள் ஆடும் ஆட்டத்தையாவது நிறுத்திவைத்து மறுநாள் தொடர வழி செய்தால் போதும்.

நாணயம் தீர்ந்தபோது ஒரு முறை 179 ரூபாய் கொடுத்து வாங்கினேன். வேண்டாத வேலை. தினமும் திறந்தாலே சும்மா கிடைக்கிறது. அவசரப்பட்டுப் பெரிய மேசையில் உட்காராமல் இருந்தால் தீராது.

இந்த நாலு வருடத்தில் ஆப் செய்த நல்ல காரியம், ஆடிய ஆட்டத்தைக் கோப்பாக இறக்கிக்கொள்ளும் வசதி. 2024இல் வந்தது. அதைக் குனு பேக்கேமன் என்ற இலவச மென்பொருளில் கொடுத்தால் எந்த நகர்த்தல் தப்பு, எந்த இரட்டிப்பு தப்பு என்று வரிவரியாகப் பிரித்துக் காட்டிவிடும். இந்த வகைக் கணினி ஆட்டக்காரனுக்கு வழி போட்டது 1990களின் தொடக்கத்தில் ஐபிஎம்மில் ஜெரால்ட் டெசாரோ உருவாக்கிய டிடி-கேமன். அது தனக்குத் தானே ஆடியே கற்றுக்கொண்டது. அதன் ஆட்டத்தைப் பார்த்துப் பெரிய ஆட்டக்காரர்களே 2-1, 4-1 போன்ற முதல் நகர்த்தல்களை மாற்றிக்கொண்டார்கள். நான் மாறுவதற்கு என்ன வெட்கம் என்று என் பழைய ஆட்டங்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். காய் நகர்த்தலில் பிழை, ஓரளவுக்குத்தான். கட்டைப் பக்கத்தில் ஒரே சிவப்பு. அதிலும் பாதிக்கு மேல், விட வேண்டிய இடத்தில் ஏற்றது. மச்சானுக்கும் போட்டுப் பார்த்தேன். அவருக்கு நேர் எதிர் வியாதி, கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல் தயங்குகிறார். இதை அவரிடம் சொல்லவில்லை. சொல்ல மாட்டேன்.

நோட்டில் இன்றைய நிலவரம்: நான் 34 புள்ளி பாக்கி. போன வருடம் இதே நேரம் 110 இருந்தது. முக்கால் கிலோ நெத்திலி காய்ந்து கட்டித் தயாராக இருக்கிறது, அடுத்த வாரம் மண்டபத்துக்காரர் ஒருவர் மஸ்கட் போகிறார். நேற்று ராத்திரி மச்சான் இரண்டு என்றார். ஓட்டம், அவருக்கு 70, எனக்கு 80. சாம்பல் பொத்தானைத் தேடிப் பிடித்து அழுத்தினேன். உடனே போன் அடித்தது.

"என்ன மாப்ள, உடம்பு கிடம்பு சரியில்லையா?"