கண்ணசைவா, கதையைத் திரும்பச் சொல்வதா: ஒக்கி புயலுக்குப் பிறகு தம்பிக்கு நாங்கள் எடுத்த முடிவு

கொஞ்ச நாளில் நாலு பேர் இதே கேள்வியோடு வந்துவிட்டார்கள். "டீச்சர், தம்பிக்கு எந்த வைத்தியம் பார்த்தீங்க? அந்தக் கண்ணு அசைக்கிறதா, இல்ல பேச வைக்கிறதா?" ஒவ்வொருவருக்கும் போனில் அரை மணி நேரம் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதிவிடுகிறேன். நான் மருத்துவம் படித்தவள் இல்லை, குமரி மாவட்டம் கருங்கல் பக்கம் பள்ளியில் கணக்கு எடுக்கிறவள். தம்பியிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அவன் வேண்டாம் என்றது எதுவும் இதில் இல்லை.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி அடித்தபோது அவன் ஆழ்கடலில் இருந்தான். போட்டு கவிழ்ந்தது. இரண்டு இரவு அதன் மேல் தொற்றிக்கொண்டு கிடந்தான். கூடப் போனவர்களில் எல்லோரும் திரும்பவில்லை. அதற்கு மேல் அந்தக் கதை வேண்டாம். கரைக்கு வந்தபின் நடந்ததுதான் இங்கே விஷயம். டீசல் வாடை பட்டால் வாந்தி. ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் மழை விழுந்தால் எழுந்து போய் முற்றத்தில் நனைந்துகொண்டு நிற்பான். கடல் பார்த்த ஜன்னலை ஆணி அடித்து மூடினான். கடல் தொழிலை விட்டுத் தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் ஏலக் கணக்கு எழுதப் போனான், அதுவும் தண்ணீருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து. அம்மா இதைப் 'பேடி' என்றாள், எங்கள் பக்கத்துப் பேச்சில் பயம் என்று பொருள். குருசடியில் மெழுகுதிரி, ஓதிய தண்ணீர் எல்லாம் ஆயிற்று. அஞ்சு வருஷம் இப்படியே போனது.

பெரும்பாலோருக்கு இந்தப் பேடி சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில் தானாகவே வடிந்துவிடும். 2004 சுனாமியை நேரில் பார்த்த குளச்சல், மணக்குடிக்காரர்களில் நமக்குத் தெரிந்த எத்தனையோ பேர் அப்படி எழுந்து வந்தவர்கள்தான். ஒரு மாதம் தாண்டியும் விடாமல் பிடித்திருந்தால்தான் அதற்கு பி.டி.எஸ்.டி., அதாவது பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய் என்று பெயர். மனநோய்ப் பட்டியலில் அந்தப் பெயர் ஏறியதே 1980இல்தான்.

எங்கள் முன்னால் இருந்தவை இரண்டு. ஒன்று, நாகர்கோவிலில் ஒரு சைக்காலஜிஸ்ட் செய்யும் நீண்ட எக்ஸ்போஷர் சிகிச்சை, அதாவது நடந்த கதையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்து, பயந்து ஒதுக்கியதை எதிர்கொள்ள வைப்பது. அமெரிக்காவில் எட்னா ஃபோவா என்பவர் வளர்த்தெடுத்தது. மற்றது, திருவனந்தபுரத்தில் ஒருவர் செய்யும் இ.எம்.டி.ஆர்., அதாவது கண்ணசைவு சிகிச்சை. தூரம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், எப்படியும் பஸ் மாறிப் போக வேண்டும். மலையாளம் எங்கள் கரையில் யாருக்கும் பிரச்சினை இல்லை. கட்டணத்திலும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. எது நல்லது என்று ஆராய்ச்சியைக் கேட்டால் அதுவும் கையை விரிக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2013இல் இரண்டு வகையையுமே பரிந்துரைத்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையும் முன்னாள் படைவீரர் துறையும் சேர்ந்து வெளியிட்ட 2023 வழிகாட்டியும் இரண்டையும் ஒரே வரிசையில் வைக்கிறது.

மாத்திரை மூன்றாவது வழி. செர்ட்ராலின், பாராக்ஸெட்டின் இரண்டும் இதற்கென்றே அங்கீகாரம் பெற்றவை, பலருக்குக் கேட்கவும் செய்கின்றன. அந்த 2023 வழிகாட்டி மாத்திரையைவிட மேலே சொன்ன இரண்டு சிகிச்சைகளையும் முன்னால் வைக்கிறது. தம்பிக்கு மாத்திரை பேரைக் கேட்டாலே ஆகாது, அதனால் நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை. அதை வைத்து யாரும் டாக்டர் எழுதிக் கொடுத்ததை நிறுத்திவிடாதீர்கள். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பழைய சீட்டைக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் தூக்க மாத்திரை, அல்பிரஸோலம், லோராஸெபம் வகை, இந்த நோய்க்கு ஆகாது. வழிகாட்டிகள் அதை வேண்டாம் என்றே சொல்கின்றன. எங்கள் வீட்டிலும் ஒரு அட்டை இருந்தது. அது போதாமல் ராத்திரி குடி வேறு.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். ஒக்கி முடிந்த சில நாளில் எங்கிருந்தோ ஒரு குழு வந்து, தப்பி வந்தவர்களை வட்டமாக உட்கார வைத்து, பார்த்ததை எல்லாம் ஒவ்வொருவராகச் சொல்ல வைத்தது. தம்பி பாதியில் எழுந்து போய்விட்டான். பின்னால் சைக்காலஜிஸ்ட் "கதையைச் சொல்லணும்" என்றதும் அவனுக்கு அந்த வட்டம்தான் ஞாபகம் வந்தது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஆபத்து முடிந்த சூட்டோடு சூடாக, ஒரே தடவை, எல்லோரையும் கட்டாயமாகப் பேச வைப்பதால் பின்னால் நோய் வராமல் தடுக்க முடியவில்லை என்று, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டிச் சீர்தூக்கிப் பார்க்கும் காக்ரேன் அமைப்பின் 2002 தொகுப்பே சொல்லிவிட்டது. சிலருக்குக் கெடுதலாகவும் முடியலாம். அந்த நேரத்தில் வேண்டியது சாப்பாடு, உறக்கம், வீட்டார் எங்கே என்ற தகவல், பேச நினைத்தால் பக்கத்தில் கேட்க ஓர் ஆள்.

சரி, கண்ணசைவுக்கு வருகிறேன். 1987இல் ஃபிரான்சின் ஷப்பிரோ என்ற அமெரிக்கப் பெண்மணி பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது கண் அங்குமிங்கும் அசைவதையும், மனதை உறுத்திய நினைவு லேசாவதையும் கவனித்தாராம். அதிலிருந்து வளர்ந்த முறை இது. மோசமான அந்தக் காட்சியை மனதில் பிடித்துக்கொண்டே, சிகிச்சையாளர் அசைக்கும் விரலைக் கண்ணால் தொடர வேண்டும். விரலுக்குப் பதில் இரண்டு கையிலும் மாறி மாறித் தட்டுவதும் உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்ய மூளைக்கு இடம் போதாததால் காட்சி மங்கிப் போகிறது என்பது ஒரு விளக்கம். கண்ணசைவே தேவையில்லை, நினைவை எதிர்கொள்வதுதான் மருந்து என்று வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

இதன் பெரிய வசதி, நடந்ததை வாய்விட்டு விவரிக்க வேண்டியதில்லை. வீட்டுப் பாடமும் அநேகமாகக் கிடையாது. என்னோடு வேலை பார்க்கும் ஒரு டீச்சருக்கு பஸ் விபத்துக்குப் பிறகு இதைச் செய்தார்கள். ஆறு தடவை போனார், இப்போது ஜன்னலோரம் உட்கார்ந்து மார்த்தாண்டம் போய் வருகிறார். கண்ணசைவைப் பற்றி நான் பக்கத்திலிருந்து பார்த்தது அவர் ஒருவரைத்தான். ஆகவே இந்தப் பக்கம் என் தராசு கொஞ்சம் கோணல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்போஷரில் இரண்டு வேலை. ஒவ்வொரு அமர்விலும் கண்ணை மூடிக்கொண்டு, நடந்ததை இப்போது நடப்பதுபோல ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டும். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. அதை ரெக்கார்ட் செய்து கொடுத்துவிடுவார்கள், தினமும் வீட்டில் கேட்க வேண்டும். அடுத்தது, பயந்து ஒதுக்கி வைத்தவற்றுக்கு ஒரு பட்டியல் போட்டு, எவ்வளவு பயம் என்று பூஜ்யத்திலிருந்து நூறு வரை மார்க் கொடுத்து, கீழிருந்து ஒவ்வொன்றாகப் போய் நிற்பது. தம்பியின் பட்டியல் இப்படித் தொடங்கியது: காலையில் கரையில் நின்று கடலைப் பார்ப்பது 30, டீசல் கேன் பக்கத்தில் உட்காருவது 45, கட்டிக் கிடக்கும் போட்டில் ஏறி எஞ்சின் ஓடும்போது இருப்பது 60, மழை ராத்திரியில் அதே போட்டில் இருப்பது 80. கடைசி வரி, ஆழ்கடலில் ஒரு தங்கல், 100.

உண்மையான ஆபத்து எதுவும் பட்டியலில் வரக்கூடாது என்பது கண்டிப்பு. தேங்காய்ப்பட்டணம் முகத்துவாரத்தில் அலை எழும்பும் நாளில் பயப்படுவது நோயில்லை, புத்தி. புயல் எச்சரிக்கைக்குப் பயப்படுவதும் அப்படியே. சைக்காலஜிஸ்ட் இதைச் சொன்ன பிறகுதான் தம்பிக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது. கடலை அறிந்தவர் மாதிரிப் பேசுறார் என்றான்.

எட்டிலிருந்து பதினைந்து அமர்வு, ஒவ்வொன்றும் தொண்ணூறு நிமிடம். நேரம் எங்கே என்று யோசித்தோம். மேற்குக் கடலில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் தடைக்காலம். ஏலம் படுத்துவிடும், கணக்கு எழுத வேலையில்லை. போட்டுகள் எல்லாம் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும். மழைக்கும் குறைவிருக்காது. பயிற்சிக்கு வேண்டிய சாமான் அத்தனையும் வாசலில் வந்து கிடந்த மாதிரி. 2023 தடைக்காலத்தில் வாரம் ஒன்றாகத் தொடங்கி, நடுவில் சில வாரம் இரண்டாகப் போனான். மொத்தம் பதினொன்று.

முதல் இரண்டு வாரம் நன்றாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். உறக்கத்தில் அலறினான். ரெக்கார்டிங்கைக் கேட்க வீட்டில் இடமில்லை. அம்மா காதில் விழுந்தால் அழுவாள் என்று மாடியில் தண்ணீர் டேங்க் மறைவில் இயர்போனோடு உட்காருவான். தம்பி பெண்டாட்டி என்னைக் கூப்பிட்டு, "மைனி, நல்லா இருந்த மனுசனப் போய்க் கிளறி விட்டுட்டீங்களே" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. "எக்கா, விடு, அஞ்சு வருசம் இருந்தாச்சு, இனியும் இருந்துட்டுப் போறேன்" என்று ஒரு சனிக்கிழமை அவனே சொன்னான். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். சைக்காலஜிஸ்ட் முதல் நாளே எச்சரித்திருந்ததால் தப்பித்தோம். நாலாவது வாரத்தில் அதே ரெக்கார்டிங்குக்கு அவன் எழுதிய மார்க் 95இலிருந்து 60க்கு வந்தது, கடைசியில் 25. ஒரு நாள் போனபோது ஜன்னல் ஆணி பிடுங்கி இருந்தது. நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

இதுவரை சொன்னதை வைத்துப் பார்த்தால் கண்ணசைவுக்குத்தான் ஓட்டு விழும். கஷ்டம் குறைவு, வீட்டில் சண்டை இல்லை. நான் எக்ஸ்போஷர் பக்கம் நிற்பதற்குக் காரணம் ஒன்றே ஒன்று: சிகிச்சை முடிந்தபின் பயம் திரும்பி வந்தால் யார் கையில் என்ன இருக்கிறது?

பயம் திரும்பும். நாய்களை வைத்துச் சோதனை செய்த ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் காலத்திலிருந்தே தெரிந்த சங்கதி இது. பயம் அடங்கும்போது பழைய நினைவு அழிவதில்லை, அதன் பக்கத்தில் 'இப்போது ஆபத்தில்லை' என்று புதிதாக ஒன்று எழுதப்படுகிறது. இடம் மாறினால், காலம் மாறினால், பழைய வாடை ஒன்று அடித்தால் முந்தையது மேலே வந்துவிடும். கண்ணசைவு செய்கிறவர்களில் சிலர், பழைய நினைவே திருத்தி எழுதப்படுகிறது என்கிறார்கள். திரும்ப எழுப்பிய நினைவு இளகிப் போகும் என்று 2000இல் எலிகளில் காட்டியது உண்மைதான். மனிதரின் பேரதிர்ச்சி நினைவுக்கு அது அப்படியே பொருந்தும் என்று இன்னும் நிலைநாட்டவில்லை. எங்கள் கரையில் நவம்பர், டிசம்பர் வராமல் இருக்கப் போவதில்லை. ஒவ்வொரு வருஷமும் ஏதோ ஒரு தாழ்வு மண்டலம், எச்சரிக்கைக் கூண்டு, டிவியில் அதே படம்.

2023 டிசம்பர் 17, 18இல் தென்மாவட்டங்களில் கொட்டிய மழை ஞாபகம் இருக்கும். சிகிச்சை முடிந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. அந்த ராத்திரி தம்பி மறுபடி முற்றத்தில் போய் நின்றான். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். மறுநாள் அவனே பழைய ரெக்கார்டிங்கைத் தேடி எடுத்திருக்கிறான். தொடர்ந்து நாலு ராத்திரி கேட்டான். மழை விடுவதற்குள் துறைமுகம் போய்க் கட்டிய போட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தான். நாகர்கோவிலுக்குப் போன் பண்ணவில்லை, பஸ் ஏறவில்லை. கிறிஸ்துமஸுக்கு நான் போனபோது சாதாரணமாக இருந்தான். தொல்லை என்று நாங்கள் திட்டிய அந்த வீட்டுப் பாடம்தான், சைக்காலஜிஸ்ட் பக்கத்தில் இல்லாத நேரத்தில் அவனுக்கு உதவியது. கண்ணசைவு செய்துகொண்டவர் அந்த ராத்திரியில் என்ன செய்திருப்பார்? திரும்ப அமர்வுக்குப் போய் நன்றாக ஆகியிருக்கலாம், அல்லது பயமே திரும்பாமல் இருந்திருக்கலாம். நான் பார்த்தது ஒரு வீட்டை மட்டும்தான்.

என் கட்சிக்கு எதிரான ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். சுனாமிக்குப் பிறகு இலங்கையின் வடகிழக்கில் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்களை வைத்து 31 பிள்ளைகளுக்கு ஆறே அமர்வில் செய்த ஆய்வு 2009இல் வந்தது. ஒரு பாதிக்குக் கதை சொல்லும் வகைச் சிகிச்சை, மறுபாதிக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியது. பிள்ளைகள் விஷயத்தில் நான் வாயைத் திறக்காமல் இருப்பதற்கு அது ஒரு காரணம்.

கண்ணசைவைத்தான் முதலில் பாருங்கள் என்று நான் சொல்கிற ஆட்களும் உண்டு. நடந்ததை வாயால் சொல்லவே முடியாத பெண்கள், சொன்னால் ஊரில் இன்னொருவர் பெயர் வெளிவரும் என்று பயப்படுகிறவர்கள், இயர்போனோடு ஒதுங்க ஒரு மாடிகூட இல்லாத வீடு, வருஷம் முழுக்கக் கடலில் கிடந்து இரண்டு மாதம் சேர்ந்தாற்போல் கரையில் இருக்க முடியாதவர். எங்கே தொடங்குவது என்றே தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு அடியுங்கள், தமிழில் பேசுவார்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியிலும் கேட்கலாம். யாரிடம் போனாலும், நடுவில் தொல்லை கூடினால் என்ன செய்வது, முடிந்தபின் திரும்பினால் என்ன செய்வது என்று இரண்டையும் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

தம்பி இப்போது நாட்டு வள்ளத்தில் காலையில் போய் மதியம் வருகிறான். பட்டியலின் கடைசி வரிக்கு இன்னும் டிக் விழவில்லை. போன மாதம் போன் மாற்றினான். பழைய படங்களில் பாதியை அழித்துவிட்டு, அந்த ரெக்கார்டிங்கை மட்டும் என் போனிலும் ஒரு காப்பி போட்டு வைக்கச் சொன்னான். வைத்திருக்கிறேன். கேட்டதில்லை.