டிஷ்வாஷரில் மேல் ரேக் மட்டும் கழுவவில்லையா? பம்ப்பை மாற்றத் தலையாட்டிவிடாதீர்கள்

போன மாதம் நன்றாக ஏமாந்தேன். கோபம் இன்னும் அடங்கவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன்.

எங்கள் டிஷ்வாஷரில் கீழ் ரேக்கில் வைக்கிற தட்டுகள் பளிச்சென்று வரும். மேல் ரேக்கில் வைக்கிற டம்ளர், கப் மட்டும் மணல் ஒட்டின மாதிரி துகளோடு, கறையோடு வரும். சர்வீஸுக்குச் சொன்னேன். வந்தவர் ஒரு நிமிடம் ஓடவிட்டுச் சத்தம் கேட்டார், "பம்ப் போயிடுச்சு சார், தண்ணி மேல ஏறல" என்றார். ரேக்கை வெளியே இழுத்துக்கூடப் பார்க்கவில்லை. சரி, விஷயம் தெரிந்தவர் சொல்கிறார் என்று நானும் தலையாட்டினேன். புது பம்ப்பை மாட்டிவிட்டுப் பழையதைத் தன் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். அன்று இரவே டம்ளர்களில் அதே கறை. திரும்பக் கூப்பிட்டால், இப்போது மெஷினை இயக்குகிற கன்ட்ரோல் போர்டு போய்விட்டதாம்!

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. வீட்டு மெஷின்களில் பெரும்பாலும் ஒரே பம்ப்தான் கீழேயும் மேலேயும் தண்ணீரைத் தள்ளுகிறது. அது செத்துப்போயிருந்தால் கீழே இருக்கிற தட்டு மட்டும் எப்படிப் பளபளக்கும்? முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

போர்டு வேண்டாம் என்று அனுப்பிவிட்டு நானே உட்கார்ந்தேன். மேல் ரேக்குக்கு அடியில் சுழன்று துளைகள் வழியே தண்ணீரைப் பீய்ச்சுகிற ஸ்பிரே ஆர்மைக் கதவுக்கு நேராகத் திருப்பி வைத்து மெஷினை ஓடவிட்டு, தண்ணீர் அடிக்கத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் நிறுத்திப் பார்த்தேன், மூன்று முறையும் வைத்த இடத்திலேயே நின்றது. உயரமான தட்டு எதுவும் இடிக்கவில்லை, கையால் தள்ளினால் நன்றாகவே சுற்றியது, அப்படியானால் அதற்குத் தண்ணீரே போகவில்லை. ரேக்கை இழுத்தேன். அதன் பின்பக்கக் குழாய் முனை, உள்ளே தள்ளும்போது மெஷினின் பின்சுவரில் இருக்கிற துளையோடு பொருந்த வேண்டும். எங்கள் ரேக்கில் உயரத்தை மாற்றுகிற லீவர் ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கிக் கிடந்தது. ரேக் சாய்ந்து, குழாய் துளையைத் தொடவே இல்லை. இரண்டு பக்கத்தையும் சமமாக்க எனக்குப் பத்து விநாடி ஆனது. வயிறு எரிந்தது.

இதோடு முடியவில்லை. ஆர்மைக் கழற்றிக் குலுக்கினால் கிலுகிலுப்பை மாதிரி சத்தம்! பாட்டில் லேபிள் துண்டுகள், ஏதோ விதை, துளைகளைச் சுற்றி வெள்ளையாக உப்புப் படிவு (லேபிளோடு பாட்டில்களைப் போட்டது என் தப்புதான்). வெதுவெதுப்பான தண்ணீரில் வினிகர் கலந்து ஊறவைத்துப் பல்குச்சியால் குத்தி எடுத்தேன். அடியில் இருக்கிற பில்டரையும் கழற்றிக் கழுவினேன், அது இருந்த கோலத்தைச் சொல்லாமல் விடுகிறேன். மறுநாள் டம்ளர்கள் கண்ணாடி மாதிரி வந்தன.

எல்லா மெக்கானிக்கும் பொய் சொல்கிறார் என்று சொல்ல வரவில்லை. சில மாடல்களில் தண்ணீரை மேலேயும் கீழேயும் மாற்றி மாற்றி அனுப்புகிற டைவர்ட்டர் வால்வு இருக்கும், அது போனாலும் மேல் ரேக் மட்டும் கழுவாது, அதற்கு ஆள் வேண்டும்தான். ஆனால் ரேக்கை இழுத்துப் பார்க்காமல் பம்ப் என்று சொல்கிறவரிடம், கீழே மட்டும் எப்படிக் கழுவுகிறது என்று கேளுங்கள். பாகம் மாற்றினால் பழையதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

என் பழைய பம்ப்பைத் திருப்பிக் கேட்டிருக்கிறேன். பத்து நாளாக அவர் போனையே எடுக்கவில்லை.