மறதி நோய் முற்றியபின்: பவர் பத்திரமா, நீதிமன்றக் காப்பாளரா?

"பேங்க் பாரம் வந்திருக்கு, அப்பாகிட்ட கைநாட்டு மட்டும் வாங்கிடும்மா" என்று, முதியவரைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணிடம் மகன் சொல்வார். வாங்காதீர்கள் அக்கா. விவரம் புரியாதவரிடம் வாங்கிய கைநாட்டு செல்லாது. நாளை சொத்துத் தகராறு வந்தால் முதல் கேள்வி உங்களிடம்தான்.

தன் சார்பில் இன்னொருவர் செயல்பட அதிகாரம் கொடுக்கும் பவர் பத்திரம் எழுதுவது சுலபம். ஆனால் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், 201ஆம் பிரிவுப்படி, எழுதிக் கொடுத்தவரின் சித்தம் கலங்கினால் அதுவும் முடிந்துபோகும். அதாவது, தேவைப்படும் நேரத்தில்தான் கைவிடும்.

உயர் நீதிமன்றம் வழியாகக் காப்பாளர் (நோயாளி சார்பில் முடிவெடுக்கும் பொறுப்பாளர்) நியமனம் பெறுவது அலைச்சல்: மருத்துவச் சான்று, வக்கீல் செலவு, காத்திருப்பு. இருந்தாலும் நோய் முற்றியவருக்கு இதையே சொல்வேன். பணத்துக்குப் பொறுப்பு யார் என்பது உத்தரவிலேயே இருக்கும். பழி உங்கள்மேல் விழாது.

அப்புறம், 2017 மனநலச் சட்டம் சொல்லும், நோயாளிக்குத் துணை நிற்கும் பிரதிநிதி சிகிச்சை முடிவுகளுக்கு மட்டும்தான், வங்கிக் கணக்குக்கு அல்ல.