கல்மண்டபம் டீக்கடை: டீ சுமார், பேச்சு பிரமாதம்

ராயபுரம் கல்மண்டபம் அருகே உள்ள இந்தக் கடையில் இஞ்சி டீ கொஞ்சம் தண்ணி. மசால் வடை நாலு மணிக்குச் சூடு. ஆறு மணிக்குப் போனால் கல். நான் போவது ராணுவத்தில் இருந்த ஒரு பெரியவரின் பேச்சுக்காக.

"1962-ல சீனாவோட மோதல் வந்தப்ப, பாதுகாப்பு மந்திரி கிருஷ்ண மேனனுக்கு வேண்டியவர்னு ஜெனரல் கவுல்கிட்ட நாலாவது கோர்ங்கிற பெரிய படைப்பிரிவைக் குடுத்தாங்க. உடம்பு முடியாம டெல்லியில படுத்துக்கிட்டே உத்தரவு போட்டாரு. மேலிடத்துக்குத் தலையாட்டுற தளபதியை எவன் நம்புவான்?"

"1971 ஏப்ரல்ல இந்திரா காந்திகிட்ட ராணுவத் தளபதி மானெக்சா, பாகிஸ்தானோட இப்போ போர் வேணாம்னு சொன்னதா சொல்வாங்களே?" என்றேன்.

"அதான் தம்பி, மேலிடத்துக்கே வேணாம்னு சொன்ன தளபதி அவரு; டிசம்பர் 16-ல டாக்காவுல பாகிஸ்தான் படை சரணடைஞ்சுது" என்றபடி என் வடையில் பாதியைப் பிய்த்துக்கொண்டார்.

அப்புறம், பெஞ்சு ஆடும். பார்த்து உட்காருங்கள்.